கோடு போட்ட பக்கம்

மோட்டார் ஓடி நின்றது. பால்வண்ணம் காதைக் கொடுத்துக் காத்திருந்தார். இந்தத் தடவை நின்றது நின்றதுதான் என்று அவர் நினைத்து முடிப்பதற்குள் மறுபடியும் ஓட ஆரம்பித்துவிட்டது. ஒரு கைப்பிடிக்குள் அடங்குகிற மோட்டார். நீல டிரம்முக்குள் முங்கிக் கிடந்துகொண்டு வண்டு போல முரலும். முரலும்போது மெல்லிய குழாயில் தண்ணீர் ஏறிப் பிச்சிக்கொடித் தொட்டியில் சொட்டும். மண் நனைந்ததும் நிற்க வேண்டும். மண்ணில் குத்தியிருக்கும் இரண்டு கம்பிகள் போதும் என்று சொல்ல வேண்டும், பெட்டிக்குள் இருக்கும் பச்சைப் போர்டு அதைக் கேட்டுக்கொண்டு நாளைக் காலை வரை சும்மா கிடக்க வேண்டும். அதற்குத்தான் இத்தனை பாடும். மின்சாரம் கொடுத்ததும் போர்டு முதல் வேலையாக மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓட்டிக் குழாயில் நிற்கும் காற்றை வெளியே தள்ளும், அதற்கப்புறம்தான் மண்ணைத் தொட்டுப் பார்க்கும். இங்கே தொட்டுப் பார்க்கிற கட்டம் வரவே மாட்டேன் என்கிறது. குழாயில் தண்ணீர் உச்சிக்கு ஏறி மோட்டார் திணறுகிற நேரத்தில் போர்டின் சிவப்பு விளக்கு செத்துப்போகிறது. மோட்டார் நிற்கிறது. பாரம் போனதும் விளக்குக்கு உயிர் வருகிறது. உயிர் வந்த போர்டு அப்போதுதான் பிறந்தது மாதிரி முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. இதற்கு முன்னால் ஓட்டினோம், இந்தத் தொட்டிக்கு இப்போதுதான் தண்ணீர் விட்டோம் என்பதெல்லாம் அதற்கு... மறதி என்ற சொல்லுக்குப் பக்கத்தில் போய் மனசு நின்றுவிட்டது. ரீசெட் ஆகிறது என்று வைத்துக்கொண்டார். விளக்கத் தாளில் அப்படித்தான் போட்டிருந்தது. சாயந்தர வெயில் மொட்டைமாடித் தகரக் கூரையின் ஓரம் வழியாக வந்து ஸ்டூலின் ஒரு காலைத் தொட்டது. அவர் பிளக்கைப் பிடுங்கினார். டிரம்முக்குள் வண்டு செத்தது.

கோளாறு பெட்டியில் இருந்தால் மதுரைக்குப் போக வேண்டியதில்லை. இப்படி ஒரு கணக்கை அவர் யாரிடமும் சொல்லவில்லை, தனக்குத்தான் வைத்துக்கொண்டார். திங்கட்கிழமை அங்கே நரம்பு டாக்டரிடம் மகள் மீனலோசனி நேரம் வாங்கி வைத்திருக்கிறாள். சும்மா ஒரு டெஸ்ட்டுப்பா, வயசானா எல்லாரும் பாத்துக்கிடுததுதான், என்று போனில் சொன்னபோது அவள் குரல் மழலைப் பள்ளிக்கூடத்து டீச்சர் குரல் மாதிரி இனிமையாக இருந்தது. அந்த இனிமைதான் பயமாக இருந்தது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உத்தியோகம் பார்த்த காலமெல்லாம் குரல்களைக் கேட்டே கோளாறைக் கண்டுபிடித்தவர் அவர். கரகரவென்றால் ஈரம், தூரத்தில் கேட்டால் மூட்டு விட்டிருக்கிறது, வேறொருவர் குரல் உள்ளே வந்தால் இரண்டு கம்பி எங்கோ உரசுகிறது. மகள் குரலில் மனைவி உலகம்மாள் குரல் உரசியது. இவள்தான் சொல்லியிருக்கிறாள். என்ன சொல்லியிருப்பாள்? மல்லிகையைச் சொல்லியிருப்பாள். நாலைந்து நாளைக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வருகிற கோவில்பட்டியில், சித்திரை வெயிலில், ஒரு மல்லிகைச் செடி தண்ணீர் மிஞ்சி வேர் அழுகிச் செத்தது என்றால் யார் நம்புவார்கள்? தொட்டியைக் கவிழ்த்தபோது மண் களியாக வழிந்தது. வேரைப் பிடித்து இழுத்தால் தோல் கையோடு வந்தது. "எத்தன தடவ ஊத்துனீங்க?" என்று கேட்டாள் உலகம்மாள். ஒரு தடவை என்றார். காலையில் ஊற்றியது நன்றாக நினைவிருந்தது. செம்பு கையில் குளிர்ந்தது, எறும்பு ஒன்று மண்ணிலிருந்து ஓடியது. ஆனால் அது எந்தக் காலை? எல்லாக் காலையும் ஒரே எறும்பு. மறுநாளே அவர் இந்தப் பெட்டிக்கான பாகங்களுக்கு எழுதிப் போட்டார். போர்டு, மோட்டார், குழாய் எல்லாம் வந்தன. பவர் சப்ளையை மட்டும் வாங்கவில்லை. அதையும் கடையில் வாங்கினால் அப்புறம் தான் எதற்கு? டிரான்ஸ்ஃபார்மர், நாலு டயோடு, ஒரு கெப்பாசிட்டர். பள்ளிக்கூடத்துப் பையன் போடுகிற சர்க்யூட். கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம்.

கண்ணை மூடிக்கொண்டுதான் செய்தாரோ. இல்லை. அவர் ஊசி மீட்டரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நம்பர் காட்டுகிற புது மீட்டர் இருக்கிறது, ஆனால் அது யோசித்து யோசித்துச் சொல்லும், கேட்கிற நேரத்தில் வேறு நம்பருக்குப் போயிருக்கும். ஊசி நடுங்குவதைப் பார்த்தால்தான் கரண்ட் என்ன பாடுபடுகிறது என்று தெரியும். முனைகளை மாட்டி, பிளக்கைச் செருகினார். பன்னிரண்டு வோல்ட்டில் நின்றது ஊசி. மோட்டார் ஓடியது. பதினொன்று. தண்ணீர் ஏறுகிறது. பத்து. ஒன்பதை நோக்கி ஊசி சாய்வதைப் பார்த்தபோது அண்ணன் படுக்கையில் தலை சாய்ந்தது நினைவு வந்தது, தலையணை வழுக்கி, மெதுவாக, யாரும் பிடிக்காமல். விளக்கு அணைந்தது, ஊசி துள்ளி எழுந்தது, மறுபடி பன்னிரண்டு, எதுவுமே நடக்காத மாதிரி. அண்ணனும் அப்படித்தான் எழுந்து உட்காருவார். எதுவுமே நடக்காத மாதிரி, வந்து நிற்கிறவர்களைப் பார்த்து, உள்ள வாங்க, உள்ள வாங்க, படியில நிக்காதீங்க என்பார். காந்திமதிநாதன் அண்ணன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். திருநெல்வேலியிலிருந்து மதுரை, மதுரையிலிருந்து திருநெல்வேலி, ஆயுசெல்லாம் அந்த ரோடுதான். ரிட்டயர்டு ஆனபிறகு ஒருநாள் அடுப்படி வாசலில் நின்றுகொண்டு, உள்ளே போகாமல், இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தார். இரட்டை விசில். மதினி கரண்டியோடு திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். பால்வண்ணமும் சிரித்தார், அதுதான் இப்போது குத்துகிறது, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "பெரியத்தான் அடுப்படிய டிப்போவுக்கு எடுத்துட்டுப் போறாங்க" என்று உலகம்மாள் சொன்னதற்கு அண்ணனே சிரித்தார். பிறகு எந்த வாசலையும் விசிலடிக்காமல் தாண்ட அவரால் முடியவில்லை. ஒரு விசில் அடித்தால் நின்றுவிடுவார், இரண்டு அடித்தால்தான் கால் நகரும். கொஞ்ச நாளில் விசிலடிக்கத் தெம்பில்லை. அப்போதும் வாசலில் நின்றார், யாராவது அடிப்பார்கள் என்று. அதற்கும் பிறகு எரிகிற வாசனை. டயர் எரிகிறது, வண்டியை நிறுத்தச் சொல்லு என்று ராத்திரியும் பகலும். மூக்குக்கு மட்டும் வருகிற தீ. கடைசியில் மதினியிடம், "நீங்க எங்கம்மா எறங்கணும்?" என்று கேட்டார். மதினி சேலைத் தலைப்பால் அவர் வாயைத் துடைத்துவிட்டு, "நீங்க எறங்குத எடத்துலதான்" என்றாள்.

வாசனை. போன வாரம் அவருக்கும் வந்தது. இதே ஸ்டூல், இதே வெயில். திடீரென்று நெத்திலிக் கருவாடு பொரிக்கிற வாடை. சைவ வீடு, ஆனால் கீழ்வீட்டுச் செல்வராணி டீச்சர் தூத்துக்குடிக்காரி, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பொரிப்பாள், இத்தனை வருஷத்தில் மூக்குக்குப் பழகிப்போன வாடைதான். மாடிப்படியில் இறங்கி, "டீச்சர் வீட்டுல கருவாடு வாசம் தூக்குது" என்று சொன்னார். உலகம்மாள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நின்றது. "டீச்சர் ஊருக்குப் போயி ஒரு வாரமாச்சுல்லா. பூட்டுல்லா தொங்குது." எட்டிப் பார்த்தார். தொங்கியது. எனக்கு ஒண்ணும் வரலயே என்று அவள் சொல்லவில்லை. சொல்லாமல் களைந்த தண்ணீரையே திரும்பத் திரும்பக் கலக்கிக்கொண்டிருந்தாள். அவர் மேலே வந்து உட்கார்ந்தபோது வாடை இன்னும் இருந்தது. மூச்சை அடக்கிப் பார்த்தார். மூச்சை விட்டதும் வந்தது. அண்ணனுக்கு டயர், தம்பிக்கு நெத்திலி. அன்று ராத்திரிதான் அவள் மகளுக்குப் போன் போட்டிருக்க வேண்டும். அந்த வாடையை அவர் அதற்குப் பிறகு யாரிடமும் பேசவில்லை. ஆனால் பெட்டியைத் திறக்கிறபோதெல்லாம் அடியில் அது இலேசாக இருந்தது. அதனாலேயே பெட்டியை முகத்துக்கு நேரே கொண்டுபோகாமல் கையை நீட்டி வேலை பார்த்தார். மூக்கை நம்பக் கூடாது. மீட்டரை நம்பு. ஊசிக்குக் குடும்பம் கிடையாது, அண்ணன் கிடையாது.

ஒவ்வொன்றாகப் பார்த்தார். டிரான்ஸ்ஃபார்மர் சரி. டயோடு நாலும் ஒருபக்கம் விட்டது, மறுபக்கம் மறித்தது, சரி. ஒயர் மெல்லிசோ என்று தடிமனாக ஒன்றைப் போட்டுப் பார்த்தார், அதே சாய்வு. மோட்டாரை பேட்டரியில் மாட்டிப் பார்த்தார், சிங்கம் மாதிரி ஓடியது. அப்படியானால் மோட்டார் கேட்கிற நேரத்தில் சப்ளையால் கொடுக்க முடியவில்லை. அதற்குத்தானே கெப்பாசிட்டர், அலை அலையாக வருகிறதைப் பிடித்து வைத்து, வேண்டும்போது கொடுக்க. ஒன்று போதாது என்றுதான் பெரிதாக இன்னொன்று சேர்த்தாயிற்றே. போன வாரம்தான் சேர்த்தார். பெரியது, பெருவிரல் தண்டி. அது இருக்கிற இடத்தில் பற்றாக்குறை வர வழியில்லை. அதனால் அதை அவர் தொடவில்லை. இத்தனை நாளும் சுற்றிச் சுற்றி வந்தும் அதை மட்டும் தொடவில்லை என்பது இப்போது உறைத்தது. கறுப்பு டேப் சுற்றி, மெழுகு நூலால் கட்டி, போர்டோடு படுக்கவைத்திருந்தது. எக்ஸ்சேஞ்ச் கட்டு. ஆயிரம் கம்பி போகிற இடத்தில் ஒரு கம்பி பிசகாமல் மெழுகு நூலால் முடிச்சு முடிச்சாகக் கட்டி இழுத்தால் பின்னல் மாதிரி நிற்கும், அந்தக் கட்டு கோவில்பட்டியில் இன்னும் இரண்டு பேருக்குத் தெரிந்தால் அதிகம். முடிச்சைப் பார்த்தார். அழகாக இருந்தது. தன்னுடைய முடிச்சுதான். ஆனால் போட்ட நினைவு இல்லை. நூல் எங்கிருந்து வந்தது? டப்பாவிலிருந்து. டப்பா எங்கே இருந்தது? பரணில். பரணில் எப்போது ஏறினோம்? ஏணி யார் பிடித்தது? யாரோ பெட்டியைத் திறந்திருக்கிறார்கள் என்று ஒரு நினைப்பு ஓடி வந்தது. வந்த வேகத்தில் அது இதமாகக்கூட இருந்தது. இந்த வீட்டில் மெழுகு நூல் முடிச்சுப் போடத் தெரிந்த யாரோ ஒருவன், இவர் தூங்குகிற நேரத்தில் மாடியேறி வந்து, இவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இந்த ஸ்டூலில் உட்கார்ந்து. பிளேடை எடுத்து முடிச்சை அறுத்தார். டேப்பைச் சுருள் சுருளாகப் பிரித்தார். கடைசிச் சுருள் பிரியும்போது மூடியிருந்ததெல்லாம் ஒரேயடியாக மூக்கில் ஏறியது.

நெத்திலி. கெப்பாசிட்டரின் அடிரப்பர் பிதுங்கி, பழுப்பாக ஏதோ வழிந்து காய்ந்திருந்தது. விரலால் தொட்டு முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். இருந்தது. விரலில் இருந்தது, பார்க்கிற மாதிரி, துடைக்கிற மாதிரி, இன்னொருத்தர் மூக்குக்கு நீட்டுகிற மாதிரி. வெந்து வெடித்த கெப்பாசிட்டர் இப்படித்தான் நாறும், பேட்டரி ரூமில் எத்தனை தடவை, ஏன் தோன்றாமல் போயிற்று? வாடை நிஜம். அண்ணனுடைய தீ அல்ல. அவருக்கு எழுந்து கீழே ஓடி இதை அவளிடம் காட்ட வேண்டும்போல இருந்தது. கோளாறு பெட்டியில். மதுரை இல்லை. திங்கட்கிழமை இல்லை. முழங்காலில் கையூன்றி எழப் போனவர் கெப்பாசிட்டரை வெளிச்சத்துக்குத் திருப்பினார். பக்கவாட்டில் வெள்ளைக் கோடு. கோடு போட்ட பக்கம் மைனஸ். கோடு சிவப்பு ஒயரின் பக்கம் இருந்தது.

அவர் உட்கார்ந்துவிட்டார். தலைகீழ். தலைகீழாக மாட்டினால் வேகும், வெடிக்கும், உள்ளே இருப்பது ஆவியாகி வெறும் கூடு மிஞ்சும். இத்தனை நாளும் பெட்டியில் இருந்தது வெறும் கூடு. பள்ளிக்கூடத்துப் பையன் செய்ய மாட்டான். அவனுக்குச் சிவப்பு என்றால் பிளஸ், கறுப்பு என்றால் மண். யார் செய்வான்? அவருக்கு பேட்டரி ரூம் தெரிந்தது. வரிசையாகக் கண்ணாடித் தொட்டிகள், அமிலத்தின் புளித்த காற்று, சுவரோடு ஓடுகிற தடித்த செம்புப் பட்டை. உலகமெல்லாம் மைனஸை மண்ணில் இறக்கும், டெலிபோன்காரன் மட்டும் பிளஸ்ஸை இறக்குவான். மண்ணுக்கடியில் மைல்கணக்கில் போகிற கம்பியை ஈரம் அரித்துத் தின்றுவிடாமலிருக்க அப்படி ஒரு ஏற்பாடு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் தலைகீழாக இருக்கிறதே என்று சிரித்தவர்தான், பிறகு அதுவே நேராகிவிட்டது. மண் என்றால் பிளஸ். கண் பார்க்க வேண்டாம், கைக்குத் தெரியும். போன வாரம் இந்த ஸ்டூலில் உட்கார்ந்தபோது கை எங்கே இருந்தது? கை மெழுகு நூலை எடுத்தது, மண் கம்பியைத் தேடியது, அதில் பிளஸ்ஸைச் சேர்த்தது, பின்னலாகக் கட்டியது, ஒரு பிசகு இல்லை. எக்ஸ்சேஞ்சில் அது நூற்றுக்கு நூறு சரியான வேலை. கை பேட்டரி ரூமில் வேலை பார்த்துக்கொண்டிருந்தது, உடம்பு மாடியில் உட்கார்ந்திருந்தது. ஒன்றும் தொலைந்துபோகவில்லை, எல்லாம் இருக்கிறது, அத்தனையும் இருக்கிறது, அதுதான். அண்ணனுக்கும் ஒன்றும் தொலையவில்லை. ரோடு முழுக்க இருந்தது. கயத்தாறு, கோவில்பட்டி, சாத்தூர், ஒரு நிறுத்தம் விடாமல் இருந்தது. அதனால்தான் அடுப்படிக்குள் போக முடியவில்லை.

"ஏங்க, காப்பிக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்குத் தொண்ட போச்சு. பெட்டியக் கட்டிக்கிட்டு அழுதீங்களா?" உலகம்மாள் டம்ளரோடு வந்து நின்றாள். படியேறிய மூச்சு வாங்கியது. "என்னவாம் அதுக்கு?"

அவரிடம் ஒரு பொய் தயாராக இருந்தது. கடையில் மட்டமான சரக்கைக் கொடுத்துவிட்டான். நாக்கு நுனிவரை வந்தது.

"தலகீழா மாட்டியிருக்கு" என்றார்.

"யாரு மாட்டுனா?"

"நாந்தான்."

அவள் டம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டு, கெப்பாசிட்டரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, அவர் எதிர்பாராமல், மூக்கின் கிட்டே கொண்டுபோனாள். முகம் சுருங்கியது.

"சிவ சிவா. நெத்திலியேதான்!"

"ஒனக்கு வருதா?"

"வராம? நாலு வீட்டுக்கு வருமே. அன்னைக்கு நான் அடுப்படியிலல்லா இருந்தேன், பெருங்காயம் வேற." சிரிக்க ஆரம்பித்தாள். "டீச்சர் பாவம், ஊருக்குப் போனவ மேல பழியப் போட்டீங்களே." சிரிப்பு பாதியில் நின்றது. "அப்ப அன்னைக்கு நீங்க சொன்னது நெசந்தான்."

"நெசந்தான்."

"நான்தான் கண்டதையும் நெனச்சுப்புட்டேன்." அவள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பூந்தொட்டிகளைப் பார்த்தாள். பிச்சித் தொட்டிக்குக் கீழே இருந்த தட்டில் தண்ணீர் நிறைந்து நின்றது. குனிந்து அதை இழுத்துச் சாக்கடைக் குழியில் கவிழ்த்தாள். கைபழகிய வேலை மாதிரி செய்தாள்.

"தெனம் இத ஊத்துதியா?"

அவள் தட்டைத் துடைத்து மறுபடி தொட்டிக்கடியில் செருகினாள். "நீங்க எந்திரிக்க முந்தி வந்து எல்லாத் தட்டையும் ஊத்திட்டுப் போயிருவேன்."

"இந்தப் பெட்டி வெச்ச பெறகா?"

"அதுக்கு முந்தியே."

காப்பி ஆறியிருந்தது. அவர் அதைக் குடித்து முடித்தார். வாங்கும்போது ஜோடியாக வாங்கிய கெப்பாசிட்டரில் மற்றது டப்பாவில் இருந்தது. சால்டரிங் அயர்னைச் சூடாக வைத்தார். தெருவில் தண்ணீர் வண்டிக்காரன் மணியடித்துக்கொண்டு போனான். ஈயம் உருகும் முன்பு அவர் கெப்பாசிட்டரை அவளிடம் நீட்டினார்.

"இதுல ஒரு கோடு தெரியுதா?"

"தெரியுது. வெள்ளக் கோடு."

"இது கருப்பு ஒயர் பக்கம் வரணும். எப்பவும். நான் எப்படி மாட்டுனாலும் நீ இதப் பாக்கணும். ஞாபகம் வெச்சுக்கோ."

"நானா?"

"நீதான்."

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து குனிந்தாள். அவர் கம்பியை மடக்கித் துளையில் விட்டார். விரல்கள் இலேசாகத் தயங்கின, ஒரு பக்கம் போய்த் திரும்பின. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். கோடு கறுப்பு ஒயரின் பக்கம் வந்ததும் "ம்" என்றாள். ஈயம் வைத்தார். புகை நேராக ஏறியது. டேப் சுற்றவில்லை. நூல் கட்டவில்லை. கோடு வெளியே தெரியட்டும் என்று விட்டுவிட்டார்.

பிளக்கைச் செருகினார். மோட்டார் முரன்றது. தண்ணீர் ஏறியது, உச்சிக்குப் போனது, திணறியது, ஊசி பதினொன்றரையில் நின்றது. விளக்கு அணையவில்லை. மோட்டார் நின்றது. அவர் காத்திருந்தார். அவளும் காத்திருந்தாள், எதற்கு என்று முழுதாகத் தெரியாவிட்டாலும். தீப்பெட்டி ஆபீஸ் விட்டுப் பெண்கள் தெருவில் சிரித்துக்கொண்டு போனார்கள். பிச்சியின் ஒரு இலை ஆடி நின்றது. மோட்டார் ஓடவில்லை. இன்னும் ஓடவில்லை. தான் விட்ட தண்ணீரைப் போர்டு நினைவில் வைத்துக்கொண்டிருக்கிறது.

"நின்னுட்டுல்லா?" என்றாள் மெதுவாக, அதை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல.

"நின்னுட்டு."

"அப்ப மீனாகிட்டச் சொல்லிருவமா, பெட்டியிலதான் கோளாறுன்னு? திங்கக்கெழம வரலன்னு?"

அவர் வெடித்த கெப்பாசிட்டரை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். வாடை சட்டையோடு வரும். வரட்டும்.

"மதுரைக்குக் காலையில எத்தன மணிக்கு வண்டி இருக்கு?" என்றார்.

உலகம்மாள் அவரைப் பார்த்தாள். காலி டம்ளரைக் குனிந்து எடுத்தாள். "நெறய இருக்கு. வெயிலுக்கு முந்திப் போயிரலாம்."

அவள் முன்னால் இறங்கினாள். இரண்டு மூன்று படி போய்விட்டு, பின்னால் செருப்புச் சத்தம் வராததால் திரும்பினாள். பால்வண்ணம் மாடிக்கதவின் நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தார். ஒரு கை நிலையைப் பிடித்திருந்தது. இறங்க வேண்டும் என்று தெரிந்தது. படி தெரிந்தது. கால் எதற்கோ நின்றது. எதற்கு என்றும் அவருக்குத் தெரிந்தது, அவள் கேட்டுவிடக் கூடாதே என்று இருந்தது. அவள் கேட்கவில்லை. டம்ளரை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, மேலே அண்ணாந்து, தணிந்த குரலில் சொன்னாள்.

"போலாம், ரைட்."

அவர் யோசிப்பதற்குள் கால் இறங்கிவிட்டது.